ஆரஞ்சு வில்லைச் சரம்: கருகாமல், பிசுபிசுக்காமல் காயவைக்க

குளிர்காலத் தொடக்கத்தில் சூரியன் வானில் தாழ்வாகவே நகரும். அதனால் வெயில் சாய்வாக விழுந்து அறைக்குள் வெகுதூரம் வரும். அந்த வெயில் படும் ஜன்னலில் காய்ந்த ஆரஞ்சு வில்லைகளைத் தொங்கவிட்டால், வண்ணக் கண்ணாடி பதித்ததுபோல ஒவ்வொரு சுளையும் ஒளிரும். செலவும் அதிகமில்லை. வில்லை சரியாகக் காய்ந்துவிட்டால் பாதிக்கு மேல் வேலை முடிந்தது. அதனால் இந்தப் பதிவில் பெரும்பகுதி காயவைப்பது பற்றித்தான்.

பழம். கெட்டியான, தோல் சதையோடு ஒட்டியிருக்கும் ஆரஞ்சு வேண்டும். கையாலேயே உரிக்க வரும் தொளதொளத் தோல் வகை வேண்டாம். காயும்போது தோல் தனியாகக் கழன்றுவிடும். நேவல் ஆரஞ்சில் விதை இருக்காது என்பதால் என் முதல் தேர்வு அதுதான்.

அறுப்பது. பழத்தைக் குறுக்காக, 5 அல்லது 6 மில்லிமீட்டர் கனத்தில் அறுங்கள். அதைவிட மெல்லியதாகப் போனால் சுருண்டு ஓரம் கருகும். 1 சென்டிமீட்டர் கனம் என்றால் நாள் முழுக்கக் காயும். சீவுகட்டை நல்லது என்று பலர் சொல்வார்கள். எனக்கு ரொட்டி அறுக்கும் பல் வைத்த கத்திதான் சரிப்படும்: சதை நசுங்காது, விரலுக்கும் பயமில்லை. எல்லா வில்லையும் ஒரே கனத்தில் இருப்பது முக்கியம்.

ஒற்றி எடுப்பது. பருத்தித் துணியின் நடுவில் வில்லைகளை வைத்து இருபுறமும் அழுத்தி ஒற்றுங்கள். விதை இருந்தால் ஊசி முனையால் நெம்பி எடுத்துவிடுங்கள். மேலே நிற்கும் சாறுதான் பின்னால் பழுப்பாக மாறுகிறது, அதனால் இதை அவசரமாக முடிக்க வேண்டாம்.

காயவைப்பது. ஓவனை 95 டிகிரி செல்சியஸில் வையுங்கள். சீக்கிரம் முடியட்டும் என்று 130, 140-க்கு ஏற்றினால், நடுவில் ஈரம் போவதற்குள் மேலே இருக்கும் சர்க்கரை பழுப்பேறிவிடும். தட்டில் நேராகப் பரப்புவதைவிடக் கம்பி வலைமேல் பரப்புங்கள், காற்று அடியிலும் போகும். ஓவனில் விசிறி இல்லையென்றால், சூடு ஏறியபின் கதவு இடுக்கில் ஒரு மரக்கரண்டியைச் செருகி வையுங்கள். நீராவி வெளியேற வழி வேண்டும். உங்கள் ஓவன் அதற்கு இடம் தருமா என்று மட்டும் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். அரைமணிக்கு ஒரு தரம் திருப்பிப் போடுங்கள். மொத்தம் 3 முதல் 4 மணி நேரம் ஆகும்.

எப்போது எடுப்பது? கடிகாரத்தை நம்பாதீர்கள். சூடாக இருக்கும் வில்லை காய்ந்திருந்தாலும் தொட்டால் மெத்தென்றுதான் இருக்கும். அதை நம்பி இன்னும் ஒரு மணி நேரம் விட்டால் கருகல்தான். ஒரே ஒரு வில்லையை வெளியே எடுத்து ஐந்து நிமிடம் ஆறவிட்டு, சுளைகள் சேரும் நடுப்பகுதியை விரலால் அழுத்துங்கள். லேசாக ஒட்டினால் போதும், எடுத்துவிடலாம். விரலில் ஈரம் தெரிந்தால் இன்னும் அரைமணி. மெல்லிய வில்லைகள் முதலில் தயாராகும், அவற்றை அப்போதே எடுத்துவிடுங்கள். அப்புறம் எல்லாவற்றையும் கம்பி வலையிலேயே ஓர் இரவு விட்டால் மிச்சமுள்ள பிசுக்கும் போய்விடும்.

(இந்த நாலு மணி நேரமும் வீடு கமகமக்கும், அடுப்படியும் வெதுவெதுப்பாக இருக்கும். குளிரும் நாளாகப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.)

கோப்பது. கோணி ஊசியும் சணல் நூலும். தோலில் குத்தாமல், அதை ஒட்டிய சதையில் குத்துங்கள். ஒரு வில்லைக்கு ஒரே துளை போட்டால் காற்றில் சுழன்று பக்கவாட்டில் நிற்கும்; எதிரெதிரே இரண்டு துளை போட்டு நூலைப் பின்பக்கமாக விட்டால் முகம் நேராக இருக்கும். இடையிடையே ஒரு பட்டைத் துண்டு, ஓர் அன்னாசிப்பூ. மெழுகுவத்திக்குப் பக்கத்தில் மட்டும் தொங்கவிட வேண்டாம்.

பிற்சேர்க்கை: இரண்டு வாரத்தில் வில்லைகள் பிசுபிசுத்துப் போயின என்று பின்னூட்டத்தில் சிலர் எழுதியிருந்தார்கள். பழச் சர்க்கரை காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும், அதுதான் காரணம். நூலிலிருந்து கழற்றி 90 டிகிரியில் அரைமணி வைத்தால் சரியாகிவிடும். குளியலறைக்கும் அடுப்பு மேலும் இந்தச் சரம் ஆகாது. பஞ்சுபோல ஏதாவது படர்ந்திருந்தால் அது பூஞ்சை. அந்த வில்லையைத் தூக்கி எறிந்துவிடுங்கள். வார்னிஷ் அடிக்கலாமா என்றும் கேட்டிருந்தார்கள். எனக்கு உடன்பாடில்லை. உள்ளே துளி ஈரம் இருந்தாலும் அது அங்கேயே அடைபட்டுப்போகும், பிறகு உரக்குழியிலும் போட முடியாது.

வெயிலில் நிறம் மெல்ல மங்கும், அதைத் தடுக்க முடியாது. அடுத்த வருடத்துக்கு எடுத்துவைப்பதானால் காற்றுப் புகாத டப்பாவில் ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு போட்டு, இருட்டில் வையுங்கள்.

பழத்தின் இரு முனைத் துண்டுகள் மீந்திருக்கும். ஒரு பாத்திரம் தண்ணீரில் அவற்றை நான்கு கிராம்போடு போட்டு, சிறு தீயில் வாசனைக்காகக் கொதிக்கவிடலாம். பாத்திரம் அடிப்பிடிக்காமல் அவ்வப்போது தண்ணீர் ஊற்றிக்கொள்ளுங்கள்.