ஃபைபர்கிளாஸ் கோப்ராவுக்கு ஹெட்லைட் பொருத்துவது எப்படி?

1962-ல் அமெரிக்க ரேஸ் டிரைவர் கரோல் ஷெல்பி, பிரிட்டனின் ஏசி நிறுவனம் செய்த ஏஸ் காருக்குள் ஃபோர்டு வி8 எஞ்சினை இறக்கினார். அப்படிப் பிறந்ததுதான் கோப்ரா ஸ்போர்ட்ஸ் கார். அதற்கு அலுமினிய பாடி. பிரிட்டனில் இன்று வீட்டு கராஜில் கட்டப்படும் கோப்ரா நகல்களுக்கு பெரும்பாலும் ஃபைபர்கிளாஸ் பாடிதான். தகரத்தில் வேலை பார்த்துப் பழகிய கை இங்கே மூன்று இடங்களில் ஏமாறும்: அளவு, வெட்டு, எர்த்.

அளவு

கார் சக்கரத்தில் நிற்கட்டும். ஸ்டாண்டில் தூக்கி வைத்து எடுத்த உயரம் எதற்கும் உதவாது. வீட்டில் கட்டிய காரை ரோட்டில் ஓட்ட அனுமதி தரும் பிரிட்டிஷ் ஐவிஏ சோதனைக்கு டிம் விளக்கு தரையிலிருந்து 500 முதல் 1,200 மி.மீ. உயரத்துக்குள் இருக்க வேண்டும். விளக்கின் வெளி ஓரம் காரின் பக்கவாட்டு ஓரத்திலிருந்து 400 மி.மீ.க்கு மேல் உள்ளே தள்ளிப் போகக் கூடாது.

அச்சில் வார்த்த பாடிதானே, இரண்டு பக்கமும் ஒன்றாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். டேப் பிடித்துப் பார்த்தால் இடது மட்கார்டு 6 மி.மீ. தாழ்வு! அட்டையில் இரண்டு வட்டம் வெட்டி ஒட்டிவிட்டு, பத்தடி பின்னால் போய் நின்று பாருங்கள். டேப் ஒன்று சொல்லி கண் வேறு சொன்னால் நான் கண் பக்கம்தான். விளக்கு கோணலாக இருந்தால் காருக்கே மாறுகண் வந்துவிடும்.

வெட்டு

ஓட்டை போட்டே வந்த பாடி என்றால் இதைத் தாண்டிவிடலாம். 7 அங்குலம் என்பது விளக்கின் அளவு, ஓட்டையின் அளவு அல்ல. பின்னால் வரும் பக்கெட்டின் (விளக்கு உட்காரும் கிண்ணம்) உடம்பை அளந்து வட்டம் போடுங்கள். விளிம்பு வெளியே உட்காரும்.

மாஸ்க், கண்ணாடி, முழுக்கைச் சட்டை மூன்றும் கட்டாயம். ஃபைபர்கிளாஸ் தூசி தோலில் பட்டால் ராத்திரி முழுக்க அரிக்கும். கோட்டின் மேல் மாஸ்கிங் டேப் ஒட்டி, டிரில்லை முதலில் ரிவர்ஸில் ஓட்டுங்கள். பிட் ஜெல்கோட்டை, அதாவது பாடியின் வழவழப்பான மேல்பூச்சை, கவ்வாமல் தேய்த்துக்கொண்டு இறங்கும். நேராக அழுத்தினால் ஓட்டையைச் சுற்றி நட்சத்திரம் போல விரிசல் ஓடும், பெயின்ட் அடித்த பிறகும் காட்டிக்கொடுக்கும். அப்புறம் பொடிப்பல் ஜிக்சா பிளேடால் கோட்டுக்கு 3 மி.மீ. உள்ளேயே வெட்டி, மீதியை 80 நம்பர் உப்புத்தாளால் தேய்த்து எடுங்கள். பக்கெட்டை அடிக்கடி வைத்துப் பாருங்கள். தட்டி உள்ளே தள்ள வேண்டாம்.

பக்கெட்டைப் பிடிக்க தகர ஸ்க்ரூ வேண்டாம். துளை போட்டு, ரப்பர் கேஸ்கெட் வைத்து, பின்னால் அகலமான வாஷர் கொடுத்து நட்டு போல்ட்டால் முடுக்குங்கள். இறுக்கம் அளவோடு போதும்.

எர்த்

எர்த் என்பது மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் வழி. தகர பாடியே அந்த வழியாகும், ஆனால் ஃபைபர்கிளாஸில் மின்சாரம் ஓடாது. பாடியில் எங்கே ஸ்க்ரூ போட்டு எர்த் மாட்டினாலும் பயனில்லை. ஒவ்வொரு விளக்கிலிருந்தும் தனி ஒயர் இழுத்து, முனையில் லக் (உலோக வளையம்) அடித்து, சேஸிஸில் பெயின்டைச் சுரண்டி முடுக்க வேண்டும்.

முதல் தடவை நான் இதை மறந்தேன். டிம் போட்டால் டிம்மும் பிரைட்டும் சேர்ந்து மங்கலாக எரிந்தன, டேஷ்போர்டில் பிரைட்டைக் காட்டும் நீல விளக்கும் லேசாக மினுங்கியது. டிம், பிரைட் இரண்டும் ஒன்றாக உள்ள எச்4 வகை பல்பில் இரண்டு இழைக்கும் பொதுவாக ஒரே எர்த் பின்தான். அது அந்தரத்தில் நின்றால் மின்சாரம் அடுத்த இழை வழியாக வெளியேறப் பார்க்கும். சுவிட்சை மாற்றி அரை நாள் போனது, கோளாறு ஒரு ஒயரில்.

60 வாட் பல்ப் இரண்டு எரிந்தால் 12 வோல்ட்டில் 10 ஆம்பியர். அதைப் பழைய மாடல் சுவிட்ச் வழியாக அனுப்பாமல், டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று என ரிலே (சின்ன மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் சுவிட்ச்) போடுங்கள். ஃபியூஸும் தனித்தனியாக.

ஒளி

விளக்கு வாங்கும்போதே அதன் முன்கண்ணாடியைப் பாருங்கள். எதிரே நின்று பார்க்கும்போது வலப்பக்கம் காட்டும் அம்பு இருந்தால், பிரிட்டன் போல இடப்பக்கம் ஓட்டும் நாட்டுக்கானது. அம்பே இல்லாவிட்டால் வலப்பக்கம் ஓட்டும் நாட்டு விளக்கு, எதிரே வருபவரின் கண்ணைக் கூசவைக்கும். சமதரையில் சுவரிலிருந்து 10 மீட்டர் தள்ளி நிறுத்தி, சுவரில் டிம் ஒளி முடியும் மேல் கோடு விளக்கின் மையத்தைவிட சுமார் 10 செ.மீ. கீழே விழும்படி திருகிகளைத் திருப்புங்கள்.

குரோம் வளையம் கடைசியில்தான். மேல் கொக்கியை மாட்டிவிட்டு கீழே ஸ்க்ரூ போடுங்கள். அதற்கு முன் வளையத்துக்கு அடியில் பாடி மேல் இரண்டு மடிப்பு டேப் ஒட்டிக்கொள்ளுங்கள், ஸ்க்ரூடிரைவர் அங்கேதான் வழுக்கும்.