மனசில் இருக்கும் நினைவை டாட்டூ டிசைனாக மாற்றுவது எப்படி?

அம்மா பெயர், குழந்தையின் பிறந்த தேதி, வளர்த்த நாய், மீண்டு வந்த நோய் என எல்லாவற்றையும் ஒரே டிசைனில் திணிப்பதால்தான் பல டாட்டூக்கள் கெட்டுப்போகின்றன. ஒரு டாட்டூவுக்கு ஒரு நினைவு போதும்.

சொல்ல நினைப்பதை ஒரே வரியில் எழுதி, அதில் கண்ணால் பார்க்கக்கூடிய பொருள் எது என்று தேடுங்கள். பாட்டியின் பாசத்தை வரைய முடியாது. ஒரு பக்கக் காம்பு உடைந்து நூல் சுற்றிய அவருடைய மூக்குக்கண்ணாடியை வரையலாம். அந்த நூல்தான் டிசைனின் உயிர், ஆர்ட்டிஸ்ட் அதை அழகுக்காக நீக்கிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கேட்லாக்கில் இருக்கும் இறகும் இன்ஃபினிட்டி குறியும் தப்பில்லை, ஆனால் அவை யாருடைய கதைக்கும் பொருந்தும்.

அடுத்தது அளவு. மை தோலின் இரண்டாம் அடுக்கில், சுமார் 1 முதல் 2 மி.மீ. ஆழத்தில் தங்குகிறது. வருடங்கள் போகப் போக அது மெல்லப் பக்கவாட்டில் பரவி, கோடுகள் தடிக்கும். இதை முன்கூட்டியே சோதிக்கலாம்: டிசைனை நிஜ அளவில் பிரிண்ட் எடுத்து, எல்லாக் கோடுகளையும் இரண்டு மடங்கு தடிமனான பேனாவால் வரைந்து பாருங்கள். எந்த இடைவெளி அடைபடுகிறதோ அது தோலிலும் அடைபடலாம். ஒன்று டிசைனைப் பெரிதாக்குங்கள், இல்லை கோடுகளைக் குறையுங்கள். முகம் வரைவதென்றால் உள்ளங்கை அளவுக்குக் கீழே போகாதீர்கள்.

தமிழ் எழுத்துக்கு இந்தச் சோதனை கட்டாயம். சுழி அடைபட்டால் ‘ண’வும் ‘ன’வும் ஒன்றுபோல் ஆகிவிடும். எழுத்து 1 செ.மீ. உயரமாவது இருக்கட்டும். இன்னொரு சிக்கல், சில டிசைன் மென்பொருள்கள் தமிழைச் சரியாகக் கோக்காது. ‘பொ’வில் ஒற்றைக் கொம்பு ‘ப’வுக்குப் பின்னால் போய் நிற்கும், புள்ளி காணாமல் போகும். தமிழ் தெரியாத ஆர்ட்டிஸ்ட் அப்படியே குத்திவிடுவார். டெக்ஸ்ட்டாக அனுப்பாமல் படமாக அனுப்புங்கள்.

இடம் பற்றிச் சுருக்கமாக: விரல், உள்ளங்கை ஓரம், பாதம் ஆகியவற்றில் மை சீக்கிரம் மங்கும். முழங்கை மடிப்பில் நேர்கோடு வளையும். முன்கை, தோள்பட்டை, கெண்டைக்கால் நம்பகமானவை.

ஸ்டென்சில், அதாவது குத்துவதற்கு முன் தோலில் பதிக்கும் டிசைன் அச்சு, ஒட்டியதும் அவசரப்படாதீர்கள். 10 நிமிடம் காயவிட்டு, எழுந்து நின்று, கையை இயல்பாகத் தொங்கவிட்டுப் பாருங்கள். படுத்திருக்கும்போது நேராகத் தெரிந்த டிசைன் நிற்கும்போது சாய்ந்திருக்கும். கண்ணாடியும் பல செல்ஃபி கேமராக்களும் இடவலம் மாற்றிக் காட்டும் என்பதால், எழுத்துகளைப் பின்பக்கக் கேமராவில் படமெடுத்து, விஷயம் தெரியாத ஒருவரிடம் வாசிக்கக் கொடுங்கள். அவர் தடுமாறினால் ஸ்டென்சிலை அழித்துவிட்டு மறுபடி ஒட்டச் சொல்லுங்கள். நல்ல ஆர்ட்டிஸ்ட் முகம் சுளிக்கமாட்டார்.

ஊசி அளவுக்கு மீறி ஆழமாக இறங்கினால் மை கொழுப்படுக்கில் கசிந்து, கோட்டைச் சுற்றி நீலப் புகைபோல் படரும். அதை டச்-அப், அதாவது மறுபடி மை குத்தித் திருத்துவது, சரிசெய்யாது. மை பிடிக்காமல் விட்டுப்போன இடங்களுக்குத்தான் டச்-அப். அதையும் புண் முழுக்க ஆறியபின், 4 முதல் 6 வாரம் கழித்துச் செய்யுங்கள்.