கிளட்ச் நழுவுகிறதா? பிளேட் மாற்றும் முன் கேபிளைப் பாருங்கள்

மேட்டில் ஆக்ஸிலேட்டரை மிதித்தால் இன்ஜின் மட்டும் இரைகிறது, வேகம் ஏறவில்லை, கூடவே கருகல் வாடை. இது கிளட்ச் நழுவுவதன் அடையாளம். உறுதி செய்ய, சமதளத்தில் முன்னால் யாரும் இல்லாத இடத்தில் ஹேண்ட் பிரேக்கை இறுக்கிப் போட்டு, மூன்றாவது கியரில் கிளட்சை மெதுவாக விடுங்கள். இன்ஜின் உடனே நின்றால் கிளட்ச் பிடிக்கிறது. நிற்காமல் ஓடினால் நழுவுகிறது. இதைத் திரும்பத் திரும்பச் செய்யாதீர்கள், கிளட்ச் பிளேட் (இன்ஜின் சக்தியை கியர்பாக்ஸுக்குக் கடத்தும் உராய்வுத் தட்டு) சூடாகிவிடும்.

மாருதி 800 போன்ற கேபிள் கிளட்ச் (பெடலை கிளட்சோடு கம்பி வடம் இணைக்கும் வகை) வண்டி என்றால் கிளட்ச் பெடலைக் கையால் அழுத்திப் பாருங்கள். கனம் தட்டும்வரை கொஞ்சம் லூசாக இறங்க வேண்டும். பல கார்களில் சுமார் 15 முதல் 25 மி.மீ.; உங்கள் வண்டியின் கையேட்டில் உள்ள அளவுதான் முடிவு. பிளேட் தேயத் தேய இந்த லூசான இடைவெளி குறையும். அந்த இடைவெளி துளியும் இல்லையென்றால், கியர்பாக்ஸ் பக்கம் கேபிள் முனையில் உள்ள நட்டைத் தளர்த்தி அளவுக்குக் கொண்டுவாருங்கள். அதிகம் தளர்த்தினால் கியர் விழாமல் உரசும்.

இடைவெளி சரியாக இருந்தும் நழுவினால் பிளேட் தேய்ந்திருக்கும், அல்லது சீல் கசிந்து ஆயில் பட்டிருக்கும். அப்போது கியர்பாக்ஸை இறக்கித்தான் ஆக வேண்டும். கேபிளுக்குப் பதில் திரவ அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் கிளட்சில் பெரும்பாலும் இந்த நட்டே இருக்காது.