எட்சிங்கில் பறவை: தகட்டைக் கெடுக்கும் தவறுகள்

எட்சிங் என்றால் மெழுகு பூசிய செப்புத் தகட்டில் ஊசியால் கீறி, அமிலத்தில் ஊறவிட்டு, அரித்த கோடுகளில் மை ஏற்றி அச்செடுப்பது. பதினேழாம் நூற்றாண்டு எட்சிங்குகளைப் பார்த்துவிட்டு, அதே மாதிரி பறவை போட வேண்டும் என்று பட்டறைக்கு வருகிறார்கள். ஊசி வழுக்குவதெல்லாம் பழகப் பழகச் சரியாகிவிடும். நான் முன்பு செய்த கோளாறுகளையே இவர்களும் செய்வதைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

தகடு முழுவதையும் ஒரே அளவு ஊறவிடுவது

இன்றைக்கும் எரிச்சல் வருகிற விஷயம் இது. சமீபத்தில் ஒரு தம்பி ஆந்தை வரைந்தார். மார்பில் இறகிழை ஒவ்வொன்றையும் கீறியிருந்தார், கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவே இடமே இல்லை. "இன்னும் கொஞ்சம் ஊறட்டும் அண்ணே, கறுப்பு நல்லா ஏறும்" என்றார். அமிலம் கீழ்நோக்கி மட்டுமா அரிக்கும்? பக்கவாட்டிலும் அரிக்கும். நெருங்கிய கோடுகளுக்கு நடுவே இருந்த செம்பு கரைந்து, மேலிருந்த மெழுகும் பிய்ந்துபோனது. மார்பு முழுக்க ஒரே பள்ளம். அகலப் பள்ளத்தில் மை நிற்காது, துடைக்கும்போதே வந்துவிடும். கறுக்க வேண்டிய இடம் சாம்பலாக வெளுத்தது. செப்புத் தகடு விற்கிற விலையில்!

எட்சிங் கலைஞர் வென்செஸ்லாஸ் ஹாலர் 1640-களில் போட்ட, குளிருக்குக் கைகளை நுழைத்துக்கொள்ளும் ரோம உறைகளை லென்ஸ் வைத்துப் பாருங்கள். பளபளக்கும் இடத்தில் கோடுகள் அருகி, காகிதமே ஒளியாகிறது. ஆங்கில ஓவியர் பிரான்சிஸ் பார்லோ வரைந்த பறவைகளையும் எட்சிங்காக்கிய கை அது.

மார்பின் மெல்லிய கோடுகள் லேசாக அரித்ததும் தகட்டை எடுத்துக் கழுவிக் காயவைத்து, அந்த இடத்தை வார்னிஷால் மூடிவிட்டு மறுபடி அமிலத்தில் விடுங்கள். அப்புறம் சிறகு. கண்ணும் அலகின் அடிநிழலும் கடைசி. பிரெஞ்சு எட்சிங் கலைஞர் ழாக் காலோ இப்படித்தான் படிப்படியாக அரித்தார். இன்னொரு பிரெஞ்சுக் கலைஞர் ஆபிரகாம் போஸ் 1645-ல் பாரிஸில் வெளியிட்ட எட்சிங் கையேட்டிலும் இந்த முறை இருக்கிறது.

குமிழி

நைட்ரிக் அமிலமென்றால் கோடுகளில் எழும் குமிழிகளை இறகால் தள்ளிக்கொண்டே இருங்கள்.

செத்த பறவையை மட்டும் நம்புவது

பதினாறாம் நூற்றாண்டில் ஐரோப்பாவுக்கு வந்த சொர்க்கப்பறவைத் தோல்கள் பலவற்றில் கால்கள் இல்லை. அந்தப் பறவைக்குக் காலே கிடையாது என்று அங்கே பலர் நெடுங்காலம் நம்பினார்கள். பாடம் செய்த பறவையில் கழுத்தும் நிற்கிற விதமும் பாடம் செய்தவர் வைத்தது. உயிருள்ளது எந்தக் காலில் உடலைத் தாங்குகிறது என்று ஒருதரம் பார்த்துவிட்டு ஊசியைத் தொடுங்கள்.

இடம் வலம்

பிரின்ட்டில் திரும்பிவிடும். ரெம்பிராண்ட் 1650-ல் போட்ட சங்குப் படத்தில், தகட்டில் திருப்பி எழுதிய கையெழுத்து நேராக வந்தது, சுழி எதிர்ப்பக்கம் திரும்பியது. பறவைக்கு இது பெரும்பாலும் தெரியாது. உங்கள் கையெழுத்தில் தெரியும்.