டெம்ப்ளேட் இம்போர்ட் ஆகலையா? சர்வர தொடுறதுக்கு முன்னாடி ஃபைல திறந்து பாருங்க

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் பக்கம் வேர்ட்பிரஸ்ல சைட் பண்ணி குடுக்குறவங்களுக்கு வேலை எப்பவும் ரெட்டைதான். கஸ்டமரோட வாடிக்கையாளர் பாதி பேரு பொள்ளாச்சில இருப்பாங்க, பாதி பேரு பாலக்காட்ல இருப்பாங்க, அதனால ஒரே சைட் தமிழ்லயும் வேணும் மலையாளத்துலயும் வேணும், ஒண்ண முழுசா ரெடி பண்ணி அந்த டெம்ப்ளேட்ட எக்ஸ்போர்ட் எடுத்து இன்னொரு எடத்துல இம்போர்ட் போட்டு எழுத்த மட்டும் மாத்திக்கலாம்னுதான் எல்லாரும் நினைப்போம். அங்கதான் மாட்டும். ஆந்திரா சித்தூர், நகரி பக்கம் இருக்கறவங்க மலையாளத்துக்கு பதிலா தெலுங்குன்னு வச்சிக்கோங்க, மத்ததெல்லாம் இதேதான்.

இம்போர்ட் நின்னு போச்சுன்னா மறுபடி மறுபடி அந்த பட்டன அழுத்தாதீங்க. வேர்ட்பிரஸ்ல ஒரே எக்ஸ்எம்எல்ல (எக்ஸ்போர்ட் எடுக்கும்போது வர்ற ஃபைல்) ரெண்டாவது வாட்டி ஏத்துனா ஏற்கனவே வந்த போஸ்ட்ட தலைப்பும் தேதியும் பாத்து விட்டுரும், ஆனா மெனு ஐட்டம் எல்லாம் ரெண்டு ரெண்டா வந்து உக்காந்துக்கும், அப்புறம் அத ஒண்ணொண்ணா அழிக்கிற வேலை வேற. பிரச்சனை ஃபைல்லயா, சர்வர்லயா, எழுத்துலயான்னு முதல்ல பிரிச்சுக்கோங்க, அத பிரிச்சுட்டாலே பாதி வேலை முடிஞ்சுது.

முதல்ல ஃபைல்ல என்ன இருக்குன்னு தெரியணும். தீம் ஜிப்னா அதுல டிசைன் மட்டும்தான், உங்க பக்கங்க இருக்காது. வேர்ட்பிரஸ் டூல்ஸ்ல எடுக்குற எக்ஸ்எம்எல்ல போஸ்ட், பேஜ், மெனு எல்லாம் இருக்கும், ஆனா படம் இருக்காது, படத்தோட முகவரி மட்டும்தான் இருக்கும். எலிமென்டார்னு பக்கம் டிசைன் பண்ற பிளகின்ல ஒரு டெம்ப்ளேட்ட தனியா எடுத்தா ஜேசான் ஃபைல் வரும், அதுல அந்த பக்கத்தோட அமைப்பு இருக்கும், ஆனா குளோபல் கலர், குளோபல் ஃபான்ட்டெல்லாம் சைட் செட்டிங்ஸ்ல இருக்கறதால கூட வராது. பச்சை கலர்ல இருந்த பட்டன் புது சைட்ல வேற கலர்ல வந்து நின்னா டெம்ப்ளேட் கெட்டுப்போகல, கலர் கூட வரல, அவ்வளவுதான். அதுக்கு தனி டெம்ப்ளேட் எடுக்காம வெப்சைட் கிட்னு முழு சைட்டயும் எக்ஸ்போர்ட் எடுத்து சைட் செட்டிங்ஸ டிக் பண்ணிக்கணும், அது ஜிப்பா வரும்.

தீம் ஏத்தும்போது ஸ்டைல் டாட் சிஎஸ்எஸ் இல்லன்னு எரர் வந்தா நூத்துக்கு தொண்ணூறு அது ஜிப்புக்குள்ள ஜிப் கேஸ்தான். காசு குடுத்து வாங்குற தீம்ல லைசென்ஸ், டாக்குமெண்டேஷன், டெமோ எல்லாம் சேத்து ஒரு பெரிய ஜிப்பா குடுப்பாங்க, அத அப்படியே ஏத்துனா வேர்ட்பிரஸ் எடுக்காது. கம்ப்யூட்டர்ல பிரிச்சு பாருங்க, உள்ள தீம் பேர்லயே இன்னொரு சின்ன ஜிப் இருக்கும், அததான் ஏத்தணும். மேக்ல சஃபாரில டவுன்லோட் பண்றவங்களுக்கு இன்னொரு விஷயம், அது ஜிப்ப தானா பிரிச்சு ஃபோல்டரா வச்சிடும், நீங்க மறுபடி ஜிப் போடும்போது ஃபோல்டருக்கு வெளிய ஒரு ஃபோல்டர்னு ஆயிடும், மேகோஸ்எக்ஸ்னு ஒரு வேண்டாத ஃபோல்டரும் கூட சேந்துக்கும், அதனால சஃபாரி செட்டிங்ஸ்ல தானா திறக்குற ஆப்ஷன எடுத்துட்டு மறுபடி டவுன்லோட் பண்ணிக்கிறது நல்லது.

நீங்க போன லிங்க் எக்ஸ்பயர் ஆயிடுச்சுன்னு ஒரு மெசேஜ் வரும் பாருங்க, அதுக்கும் லிங்க்குக்கும் பெரும்பாலும் சம்பந்தமே இருக்காது, ஃபைல் சைஸ் சர்வர் லிமிட்ட தாண்டிடுச்சுன்னு அர்த்தம். வேர்ட்பிரஸ் ஓடுற பிஎச்பில ஒண்ணும் மாத்தாம விட்டா ஒரு ஃபைலுக்கு 2 எம்பி, ஒரே தடவைல அனுப்புற மொத்த டேட்டாவுக்கு (இததான் போஸ்ட் சைஸ்னு சொல்றது) 8 எம்பி, ஓடுறதுக்கு 30 செகண்ட், இதுதான் டீஃபால்ட். ஹோஸ்டிங்காரங்க வழக்கமா கூட்டி வச்சிருப்பாங்க, உங்களுக்கு எவ்வளவுன்னு வேர்ட்பிரஸ்ல டூல்ஸ், சைட் ஹெல்த், இன்ஃபோ, சர்வர்னு போனா தெரியும். ஹோஸ்டிங் கன்ட்ரோல் பேனல் சிபேனலா இருந்தா அதுல பிஎச்பி ஐஎன்ஐ எடிட்டர்ல மாத்தலாம், அப்லோட் சைஸ மட்டும் 64 ஆக்கிட்டு போஸ்ட் சைஸ 8லயே விட்டீங்கன்னா ஒண்ணும் நடக்காது, போஸ்ட் சைஸ் எப்பவும் அதவிட கூட இருக்கணும். 413னு நம்பர் போட்டு எரர் வந்தா பிஎச்பிக்கு முன்னாடி இருக்குற வெப் சர்வரே தடுக்குது, என்ஜின்எக்ஸ்ங்கற வெப் சர்வர்ல டீஃபால்ட் 1 எம்பிதான், அது உங்க கைல இல்லன்னா ஹோஸ்டிங் சப்போர்ட்ல அந்த 413ங்கற நம்பர சொல்லி கேளுங்க, அவங்களுக்கு உடனே புரியும்.

சைஸும் சரியா இருக்கு, ஆனா எக்ஸ்எம்எல்ல படிக்க முடியலன்னு சொல்லுதுன்னா ஃபைல நோட்பேட் பிளஸ் பிளஸ் மாதிரி ஒரு எடிட்டர்ல திறந்து முதல் வரிய பாருங்க. எக்ஸ்எம்எல் அறிவிப்பு முதல் வரில முதல் எழுத்துல இருந்தே ஆரம்பிக்கணும், அதுக்கு முன்னாடி ஒரு காலி வரி இருந்தாக்கூட ஏத்துக்காது. பழைய சைட்ல ஏதோ ஒரு பிளகின்லயோ ஃபங்ஷன்ஸ் ஃபைல்லயோ கடைசில ஒரு காலி வரி விட்டிருப்பாங்க, அது எக்ஸ்போர்ட்ல வந்து மேல உக்காந்துக்கும். சில நேரம் பிஎச்பி வார்னிங்கே மேல நாலு வரி பிரிண்ட் ஆகி இருக்கும், ஜேசான்லயும் இதே கதைதான். அந்த வரிகள அழிச்சுட்டு யூடிஎஃப்-8 (எல்லா மொழி எழுத்தயும் சேமிக்கிற முறை), பாம் (ஃபைல் தொடக்கத்துல ஒட்டிக்கிற கண்ணுக்கு தெரியாத குறி) இல்லாததுன்னு செலக்ட் பண்ணி சேவ் பண்ணுங்க. விண்டோஸ்ல வர்ற சாதா நோட்பேட் வேண்டாம், 2019 மே அப்டேட்டுக்கு முந்தின விண்டோஸ்ல அது புது ஃபைல ஆன்சிங்கற பழைய முறைல சேவ் பண்ணும், தமிழ் எல்லாம் கேள்விக்குறி ஆயிடும், யூடிஎஃப்-8னு சேவ் பண்ணாலும் முன்னாடி பாம சேத்துடும்.

படம் வரலன்னா வந்த பக்கத்துல படத்த ரைட் கிளிக் பண்ணி தனி டேப்ல திறந்து முகவரிய பாருங்க, பழைய டொமைனே இருந்தா படம் இங்க இறங்கல. இம்போர்ட் பண்ணும்போது அட்டாச்மென்ட்ட டவுன்லோட் பண்ணுன்னு ஒரு டிக் இருக்கும், அத போட்டாத்தான் படம் வரும், அதுவும் பழைய சைட் அந்த நேரத்துல உயிரோட இருக்கணும். பழைய ஹோஸ்டிங்க கேன்சல் பண்ணிட்டு அப்புறம் இம்போர்ட் பண்ணா படத்த எங்கிருந்து எடுக்கும்? அதேபோல உங்க கம்ப்யூட்டர்ல எக்ஸ்ஏஎம்பிபி போட்டு பண்ணுன சைட்னா சர்வருக்கு உங்க கம்ப்யூட்டர் தெரியாது, அப்லோட்ஸ் ஃபோல்டர கையால எஃப்டிபில ஏத்தத்தான் வேணும். படத்துக்கு தமிழ்ல பேரு வச்சிருந்தா அத முன்னாடியே இங்கிலீஷ்ல மாத்திடுங்க, விண்டோஸ்ல ஜிப் போட்டு லினக்ஸ் சர்வர்ல பிரிக்கும்போது தமிழ் ஃபைல் பேரு சிதைஞ்சு போற வாய்ப்பு நெறைய.

இப்ப நம்ம பக்கத்துக்காரங்களுக்கு முக்கியமான சமாச்சாரம், எழுத்து. ஒரு தென்னை நர்சரிக்காரரு போன் பண்ணி, "தம்பி, சைட்ல எழுத்தெல்லாம் பூச்சி பூச்சியா வருதுங்களே, மலையாளமும் போச்சு தமிழும் போச்சு"ன்னாரு. இதுல மூணு விதம் இருக்கு, மூணுக்கும் வைத்தியம் வேற வேற, அதனால எது உங்களுதுன்னு திரைய நல்லா உத்து பாருங்க.

முதல் விதம், எல்லா எழுத்தும் வரிசையா கேள்விக்குறி. இது லாட்டின்1ங்கற பழைய இங்கிலீஷ் எழுத்து முறைல இருக்குற டேட்டாபேஸ் டேபிள்ல தமிழ ஏத்துனதால வர்றது, அந்த டேபிள்ல தமிழுக்கு எடமே இல்ல, அதனால ஒவ்வொரு எழுத்தும் கேள்விக்குறியாவே சேவ் ஆயிடுச்சு. அந்த டேட்டாபேஸ்ல இருந்து அத திருப்ப முடியாது, நேரம் செலவழிக்காதீங்க, ஒரிஜினல் எக்ஸ்போர்ட் ஃபைலுக்கு போய் மறுபடி ஆரம்பிங்க.

ரெண்டாவது விதம், ஒவ்வொரு எழுத்துக்கும் தலைல கோடு போட்ட இங்கிலீஷ் சின்ன ஏ வந்து பக்கத்துல ஏதாவது குறி இருக்கும். இது நல்ல செய்தி, எழுத்து உள்ள பத்திரமா இருக்கு, படிக்கிற விதம்தான் தப்பு. அந்த ஏ பக்கத்துல இருக்குற குறிய வச்சே எந்த மொழின்னு சொல்லிடலாம். வட்டத்துக்குள்ள ஆர் போட்ட ரெஜிஸ்டர்ட் குறியா வந்தா தமிழ், டிகிரி குறி வந்தா தெலுங்கு, மேல ஒரு சின்ன சாய்கோடு மட்டும் வந்தா மலையாளம். யூடிஎஃப்-8ல இந்த மூணு மொழி எழுத்தும் மூணு பைட், முதல் பைட் மூணுக்கும் ஒண்ணு, ரெண்டாவது பைட்தான் மொழிக்கு மொழி மாறுது, அதனாலதான் இப்படி. ரெண்டு மொழி சைட்ல ஒரு மொழி மட்டும் கெட்டிருக்கா ரெண்டுமே கெட்டிருக்கான்னு இத வச்சு ஒரு நிமிஷத்துல பாத்துக்கலாம். சரி பண்றதுக்கு, வந்தத முழுசா அழிச்சுட்டு டேட்டாபேஸ கையாள்ற டூலான பிஎச்பிமைஅட்மின்ல இம்போர்ட் பக்கத்துல ஃபைலோட கேரக்டர் செட்ட யூடிஎஃப்-8னு வச்சு மறுபடி ஏத்துங்க, டேட்டாபேஸும் யூடிஎஃப்8எம்பி4ல இருக்கணும். வேர்ட்பிரஸ் 2015ல 4.2 வெர்ஷன்லயே அதுக்கு மாறிடுச்சு, அதுக்கு முந்தின பழைய சைட்ல இருந்து வர்றதுலதான் இன்னமும் சாதா யூடிஎஃப்8 இருக்கும், அதுல தமிழ் ஒழுங்கா வரும், ஆனா எமோஜிக்கு நாலு பைட் வேணும்கறதால எமோஜி வந்த எடத்தோட எழுத்து நின்னுடும், இல்லன்னா எரர் காட்டும்.

மூணாவது விதம், கோடு போட்ட ஏ எல்லாம் இல்லாம சும்மா இங்கிலீஷ் கீபோர்டுல கண்டத தட்டுன மாதிரி எழுத்து. அது பாமினி மாதிரி பழைய ஃபான்ட்டுல அடிச்ச மேட்டர், மலையாளத்துல எம்எல் டிடி கார்த்திகா. நோட்டீஸ் அடிக்கிற பிரஸ்ல இருந்து வாங்கி அப்படியே ஒட்டியிருப்பாங்க, அவங்க கம்ப்யூட்டர்ல ஃபான்ட் இருந்ததால நல்லா தெரிஞ்சிருக்கும். இதுக்கு டேட்டாபேஸ் செட்டிங்க எத்தன மாத்துனாலும் பலன் இல்ல, யூனிகோட் கன்வெர்ட்டர்ல போட்டு மாத்தி ஒட்டணும். நர்சரிக்காரரோடது ரெண்டாவது விதம்தான், மறுபடி ஏத்துனதும் சரியாச்சு, அவரோட விலைப்பட்டியல் மட்டும் பிரஸ்ல வாங்குன பாமினி, அத தனியா மாத்த வேண்டி இருந்துச்சு.

எழுத்த மாத்துற வேலைலயே இன்னொரு குழி இருக்கு. டேட்டாபேஸ்ல இருந்து எடுத்த எஸ்க்யூஎல் ஃபைல எடிட்டர்ல திறந்து பழைய டொமைன புதுசா ஃபைண்ட் ரிப்ளேஸ் போட்டுடலாம்னு தோணும், போடாதீங்க. விட்ஜெட், தீம் செட்டிங்ஸ் எல்லாம் சீரியலைஸ்டா இருக்கும், அதாவது ஒவ்வொரு வார்த்தைக்கும் முன்னாடி அது எத்தன பைட்டுன்னு எழுதி வச்சிருக்கும். தென்னைங்கற வார்த்தைக்கு 18னு இருக்கும், த, கொம்பு, ன, புள்ளி, ன, ஐகாரக் குறின்னு ஆறு, ஆறு மூணு பதினெட்டு. நீங்க அத தென்னங்கன்றுன்னு மாத்திட்டு 18 அப்படியே விட்டா கணக்கு உதைக்கும், பிஎச்பி அந்த முழு செட்டிங்ஸயும் தூக்கி போட்டுரும், விட்ஜெட் எல்லாம் காலியா நிக்கும். டொமைனும் அப்படித்தான், ஒரு எழுத்து கூடுனாலும் குறைஞ்சாலும் போச்சு. பெட்டர் சர்ச் ரிப்ளேஸ்னு பிளகின் இருக்கு, இல்லன்னா டபிள்யூபி-சிஎல்ஐல (கமாண்ட் தட்டி வேர்ட்பிரஸ்ஸ இயக்குற டூல்) சர்ச் ரிப்ளேஸ் கமாண்ட், இது ரெண்டும் எண்ணிக்கையையும் சேத்து மாத்திக்கும். எலிமென்டார் சைட்டுக்கு அதோட டூல்ஸ்லயே ரிப்ளேஸ் யூஆர்எல் இருக்கு, அதையும் ஓட்டிட்டு சிஎஸ்எஸ் ஃபைல கிளியர் பண்ணி விடுங்க.

எழுத்து சரியா வந்தும் பாக்க அசிங்கமா இருந்தா டெம்ப்ளேட்ல இருக்குற ஃபான்ட்ட பாருங்க. பாப்பின்ஸ் மாதிரி ஃபான்ட்ல தமிழும் இல்ல மலையாளமும் இல்ல, அதனால பாக்குறவரோட போன்ல, கம்ப்யூட்டர்ல என்ன ஃபான்ட் இருக்கோ அது வந்து உக்காரும், உங்களுக்கு ஒரு மாதிரி கஸ்டமருக்கு ஒரு மாதிரி தெரியும். தமிழுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ், மலையாளத்துக்கு மஞ்சரின்னு நீங்களே வச்சிடுங்க, ரெண்டுமே கூகுள் ஃபான்ட்ஸ்ல இருக்கு. இங்கிலீஷுக்காக செஞ்ச டெம்ப்ளேட்ல தலைப்புக்கு லைன் ஹைட் ரொம்ப இறுக்கமா இருக்கும், நம்ம எழுத்துக்கு கீழ மேல எல்லாம் குறி வரும், மலையாள கூட்டெழுத்து இன்னும் கீழ இறங்கும், அதனால 1.4க்கு மேல வைங்க, லெட்டர் ஸ்பேசிங்க சைபர் ஆக்கிடுங்க, அது இருந்தா கொம்பும் காலும் தனித்தனியா விலகி நிக்கும்.

எலிமென்டார் ஜேசான் ஏறிடுச்சு, ஆனா சில எடம் வெத்தா இருக்குன்னா பழைய சைட்ல புரோ வெர்ஷனோ வேற ஆட்ஆனோ போட்டு அந்த விட்ஜெட்ட வச்சிருப்பாங்க, புது சைட்லயும் அது இருந்தாத்தான் தெரியும். வெர்ஷன் எப்பவும் எக்ஸ்போர்ட் எடுத்த சைட்டுக்கு சமமாவோ மேலயோ இருக்கட்டும்.

எல்லாம் ஏறுன பிறகு முகப்பு பக்கம் வராம போஸ்ட் லிஸ்ட் வந்தா செட்டிங்ஸ்ல ரீடிங் போய் ஸ்டேட்டிக் பேஜ செலக்ட் பண்ணுங்க. மத்த பக்கம் எல்லாம் 404 காட்டுனா பெர்மாலிங்க்ஸ் போய் எதையும் மாத்தாம சேவ் மட்டும் அழுத்துங்க. மெனு காணலன்னா மெனு இருக்கும், எந்த எடத்துல காட்டணும்கறது டிக் ஆகாம இருக்கும்.

பிளாகர்ல வச்சிருக்கவங்களுக்கு சுருக்கமா. தீம் பேக்கப் எக்ஸ்எம்எல்ல டிசைன்தான் இருக்கும், போஸ்ட்ட செட்டிங்ஸ்ல தனியா பேக்கப் எடுக்கணும். ரீஸ்டோர் பண்ணும்போது எக்ஸ்எம்எல் சரியில்லன்னு வந்தா பெரும்பாலும் யாரோ ஒரு விளம்பர கோடயோ லிங்கயோ நடுவுல ஒட்டும்போது அதுல இருந்த தனி ஆம்பர்சன்ட் குறிதான் காரணம். எரர்லயே வரி நம்பர் இருக்கும், அந்த வரிக்கு போய் அந்த குறிக்கு பின்னாடி ஏஎம்பின்னு சின்ன எழுத்துல போட்டு ஒரு அரைப்புள்ளி வைங்க. ரீஸ்டோர் பண்றதுக்கு முன்னாடி சைடுல இருக்குற எச்டிஎம்எல் விட்ஜெட்டுக்குள்ள எழுதுனத எல்லாம் காப்பி பண்ணி ஒரு டெக்ஸ்ட் ஃபைல்ல வச்சிக்கோங்க, தீம் மாறும்போது விட்ஜெட் போயிடுச்சுன்னா அதுல இருந்துதான் திருப்பி போடணும்.