ராத்திரியில் பல்வலியோடு எமர்ஜென்சிக்குப் போனால் என்ன சொல்ல வேண்டும்

போன வருடம் ஆடி மாதம், ஒரு சனிக்கிழமை இரவு ஒன்றரை மணி. திருச்சியில் ஒரு தனியார் மருத்துவமனையின் எமர்ஜென்சியில் வலது கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். டூட்டி டாக்டர் என்னவென்று கேட்டார். "பல்வலி டாக்டர், தாங்க முடியல" என்றேன். அவர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. "பல்லுக்கெல்லாம் நைட்ல வருவாங்களா? திங்கட்கிழமை பல் டாக்டரைப் பாருங்க" என்றார். இடுப்பில் ஒரு ஊசி, ஐந்து நாளுக்கு மாத்திரை, 850 ரூபாய் பில். வாயைத் திறந்து காட்டச் சொல்லவில்லை, கழுத்தைத் தொட்டுப் பார்க்கவில்லை. எனக்கு ஏழு வருடமாக சுகர் இருக்கிறது. அதையும் யாரும் கேட்கவில்லை, வலியில் எனக்கும் சொல்லத் தோன்றவில்லை.

ஞாயிறு சாயங்காலத்துக்குள் தாடைக்கு அடியில் எலுமிச்சம்பழம் அளவுக்கு வீங்கிவிட்டது. வீட்டுக்குப் பக்கம் அதுதான் என்பதால் அதே இடத்துக்கே மறுபடி போனோம். வரவேற்பில் இருந்த பெண் என்னை அடையாளம் கண்டுகொண்டு, "நேத்து வந்த பல்வலிதானே, நாளைக்குத்தான் டென்டல் டாக்டர் வருவார்" என்றார். அப்போது கூட வந்திருந்த அண்ணி முன்னால் போனார். அண்ணி என் கணவரின் அக்கா, ஒரு நர்சிங் ஹோமில் பதினாறு வருடம் லேப் டெக்னீஷியனாக இருந்தவர். அவர் சொன்னது இதுதான்: "தாடைக்கு அடியில வீக்கம், நேத்து ராத்திரியில இருந்து கூடிக்கிட்டே இருக்கு. எச்சில் முழுங்க முடியல. வாய் ஒரு விரல் அளவுக்குத்தான் திறக்குது. காய்ச்சல் நூத்தியொண்ணு. சுகர் பேஷன்ட்."

பல் என்ற சொல்லே அதில் இல்லை. பத்து நிமிடத்தில் நான் கட்டிலில் இருந்தேன். சுகர் 312. வேறு டாக்டர் வந்து நாக்குக்கு அடியில் விரல் வைத்துப் பார்த்துவிட்டு, முகத்தாடை அறுவை சிகிச்சை நிபுணர் இருக்கும் இன்னொரு மருத்துவமனைக்கு உடனே அனுப்பினார். அன்று இரவே கழுத்தைக் கீறிச் சீழை எடுத்தார்கள். இன்னொரு நாள் விட்டிருந்தால் கழுத்தின் மறு பக்கத்துக்கும் பரவியிருக்கும் என்று அந்த சர்ஜன் சொன்னார்.

சனிக்கிழமை ராத்திரியும் ஞாயிறு சாயங்காலமும் அதே வாய், அதே பல். வீக்கம் கூடியிருந்தது உண்மைதான். ஆனால் எங்களை உள்ளே விட வைத்தது அண்ணி பேசிய விதம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதற்குப் பிறகு சொந்தக்காரர் இரண்டு பேரைப் பல்வலியோடு ராத்திரியில் கூட்டிப்போயிருக்கிறேன். அப்படிக் கற்றுக்கொண்டதை இங்கே எழுதுகிறேன்.

முதலில், ஏன் அலட்சியம் வருகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். எமர்ஜென்சியில் இருப்பவர் எம்.பி.பி.எஸ். படித்தவர். பல் என்பது பி.டி.எஸ். என்ற தனிப் படிப்பு. ராத்திரியில் பல் நாற்காலியும் கிடையாது, பல் எடுக்கும் கருவியும் கிடையாது. அதனால் "பல்" என்று காதில் விழுந்ததுமே இது நம்முடையது இல்லை என்று மனம் மூடிக்கொள்கிறது. ஆனால் பல்லில் இருந்து கழுத்துக்கு இறங்கும் சீழ் முழுக்க முழுக்க அவர்களுடைய வேலைதான். மூச்சுக்குழாயைக் காப்பாற்றுவதும், நரம்பு வழியே ஆன்டிபயாடிக் ஏற்றுவதும், சரியான இடத்துக்கு அனுப்புவதும் அவர்களுக்கு நன்றாகவே தெரியும்.

எது அவசரம், எது காலைவரை பொறுக்கும்?

வலியின் அளவை வைத்து இதைத் தீர்மானிக்க முடியாது. உயிரே போகிற மாதிரி வலித்தும் உயிருக்கு ஆபத்து இல்லாமல் இருக்கலாம். வலி குறைவாக இருந்தும் ஆபத்தாக இருக்கலாம். பார்க்க வேண்டியவை வேறு. உங்கள் கையின் நடு மூன்று விரல்களைச் சேர்த்து, ஒன்றன்மேல் ஒன்றாக வரும்படி நிறுத்தி, மேல் முன்பல்லுக்கும் கீழ் முன்பல்லுக்கும் நடுவே வைத்துப் பாருங்கள். பெரியவர்களுக்குச் சாதாரணமாக மூன்று விரலும் போகும். இரண்டுகூடப் போகவில்லை என்றால் தாடைத் தசைவரை தொற்று வந்திருக்கலாம். அடுத்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துப் பாருங்கள். விழுங்க முடியாமல் எச்சில் வெளியே வழிந்தால், நாக்கு மேலே தூக்கியது போல் இருந்தால், குரல் வாய்க்குள் சூடான உருளைக்கிழங்கை வைத்துக்கொண்டு பேசுவதுபோல் மாறியிருந்தால், படுத்தால் மூச்சு முட்டினால், ஒரு நிமிடமும் காத்திருக்க வேண்டாம், 108ஐக் கூப்பிடுங்கள். நாக்குக்கு அடியில் இரண்டு பக்கமும் பரவும் இந்தத் தொற்றுக்கு லுட்விக் ஆஞ்சைனா என்று பெயர். 1836இல் அதை விவரித்து எழுதிய ஜெர்மானிய மருத்துவரின் பெயர் அது. ஆன்டிபயாடிக் வருவதற்கு முன்பு இது வந்தவர்களில் பாதிக்கு மேல் இறந்துபோனார்கள்.

மேல் பல் என்றால் கண்ணைப் பாருங்கள். இமை வீங்கிக் கண் மூடிக்கொண்டாலோ, பார்வை இரண்டாகத் தெரிந்தாலோ அதுவும் அவசரம்தான். கீழ்த்தாடை வலியோடு நெஞ்சு அழுத்தம், வியர்வை, இடது கை கனம் இருந்தால் அது பல்லாகவே இல்லாமல் மாரடைப்பாக இருக்கலாம். உடனே இ.சி.ஜி. எடுக்க வேண்டும்.

இவை எதுவும் இல்லாமல், வீக்கமோ காய்ச்சலோ இல்லாமல் வெறும் வலி மட்டும் என்றால் பெரும்பாலும் காலைவரை சமாளிக்கலாம். சுகர், சிறுநீரகக் கோளாறு, கீமோதெரபி, கர்ப்பம் இருப்பவர்கள் மட்டும் சின்ன வீக்கத்தையும் பெரிதாக எடுத்துக்கொள்ளுங்கள்.

கிளம்பும் முன் ஒரு துண்டுக் காகிதம்

இதை மட்டும் தவறாமல் செய்யுங்கள். வலியில் பேச்சு வராது, அழுகைதான் வரும். அழுதால் "பயந்துட்டாங்க, அவ்வளவுதான்" என்று எடுத்துக்கொள்கிறார்கள், பெண்கள் என்றால் இன்னும் சீக்கிரமாக. அதனால் எழுதிக்கொண்டு போங்கள். வீக்கம் எந்த இடத்தில், எத்தனை மணிக்கு ஆரம்பித்தது, இப்போது கூடியிருக்கிறதா, காய்ச்சல் எவ்வளவு, எத்தனை மணிக்குப் பார்த்தது, வாய் எத்தனை விரல் திறக்கிறது, விழுங்க முடிகிறதா, என்ன மாத்திரை, எத்தனை மணிக்கு, எத்தனை மில்லிகிராம், என்னென்ன வியாதி, எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது. பெனிசிலின் அலர்ஜி இருந்தால் அதை முதல் வரியாக எழுதுங்கள். இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் அதையும் எழுதுங்கள். வீக்கத்தை மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை ஒரே வெளிச்சத்தில் போட்டோ எடுத்து வைத்தால் அதைவிடப் பெரிய சாட்சி கிடையாது.

உள்ளே போனதும் இந்த வரிசையில் சொல்லுங்கள். முதலில் மூச்சு, அடுத்து விழுங்குவது, அப்புறம் வாய் திறப்பது, வீக்கம், காய்ச்சல், சுகர். பல் எது என்பது கடைசியில் வரட்டும். பல்லை மறைக்கச் சொல்லவில்லை. கூட்டியும் சொல்லாதீர்கள், இல்லாத மூச்சுத்திணறலைச் சொன்னால் அடுத்து நீங்கள் சொல்லும் உண்மையையும் நம்ப மாட்டார்கள். உங்களுக்குப் பதிலாகப் பேச, பதறாத ஒருவரைக் கூட்டிப்போங்கள். எனக்கு அண்ணி வாய்த்தார்.

"போய்ட்டு காலைல வாங்க" என்று சொன்னால்

சண்டை போட்டால் ராத்திரியில் உதவி கிடைக்காது. இரண்டு வாக்கியங்கள் எனக்கு உதவியிருக்கின்றன. முதலாவது: "சரிங்க டாக்டர், கழுத்தையும் நாக்குக்கு அடியிலயும் ஒரு தடவை தொட்டுப் பாத்துருங்க, அப்புறம் போறோம்." இதை மறுப்பது யாருக்கும் கஷ்டம். தொட்டுப் பார்த்தால் அவர்களே தீர்மானிப்பார்கள். இரண்டாவது: "காய்ச்சல் எவ்வளவு, வாய் எவ்வளவு திறக்குது, என்ன ஆனா திரும்ப வரணும்னு சீட்டுல எழுதிக் குடுங்க." எழுத வேண்டும் என்று வரும்போது பார்க்காமல் எழுத மனம் வராது. தம்பி மனைவியைக் கூட்டிப்போனபோது இந்த இரண்டாவது வாக்கியத்தைச் சொன்ன பிறகுதான் டாக்டர் எழுந்து வந்து டார்ச் அடித்துப் பார்த்தார்.

அதற்கும் அசையவில்லை என்றால், அரசு மருத்துவமனையில் ஆர்.எம்.ஓ. (நிலைய மருத்துவ அலுவலர்) யார், தனியார் மருத்துவமனையில் டூட்டி மேனேஜர் யார் என்று கேளுங்கள். அடையாளங்கள் தெளிவாக இருந்து, அவர்கள் பார்க்க மறுத்தால், நேரத்தை அங்கே கழிக்காமல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். அங்கே அறுவை சிகிச்சைப் பிரிவும் மயக்க மருந்து நிபுணரும் ராத்திரியிலும் இருப்பார்கள். எங்கே போவது என்று தெரியாவிட்டால் தமிழ்நாட்டில் 104 என்ற சுகாதார உதவி எண்ணில் கேட்கலாம். பகலில் என்றால் சென்னையிலும் புதுக்கோட்டையிலும் அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இருக்கின்றன, மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் பல் பிரிவு உண்டு. ஓ.பி. சீட்டுக்குக் காலையிலேயே போய் நிற்க வேண்டும்.

போட்ட ஊசியின் பெயரைக் கேட்காமல் வெளியே வராதீர்கள். அனேகமாக டைக்ளோஃபெனாக்காக இருக்கும். ஐபுப்ரோஃபெனும் அதே குடும்பம். அது தெரியாமல் நான் வீட்டுக்கு வந்து விடிவதற்குள் ஐபுப்ரோஃபென் கலந்த கோம்பிஃப்ளாம் இரண்டு போட்டேன். சிறுநீரகத்துக்கும் வயிற்றுக்கும் அது எவ்வளவு கெடுதல் என்று பிறகுதான் தெரிந்தது.

காலைவரை வீட்டில்

பல்வலிக்கு ஐபுப்ரோஃபெனும் பாராசிட்டமாலும் சேர்ந்து தனித்தனியாகப் போடுவதைவிட நன்றாக வேலை செய்கின்றன. பெரியவர்களுக்கு ஐபுப்ரோஃபென் 400 மில்லிகிராம், சாப்பிட்ட பிறகு, எட்டு மணி நேர இடைவெளியில், ஒரு நாளைக்கு மூன்றுக்கு மேல் வேண்டாம். பாராசிட்டமால் எல்லாம் சேர்த்து ஒரு நாளில் 4 கிராமைத் தாண்டக் கூடாது. கோம்பிஃப்ளாமுக்குள்ளேயே பாராசிட்டமால் இருக்கிறது என்பதை மறந்து மேலே டோலோ 650 போட்டுக்கொண்டே போகாதீர்கள். அல்சர், ஆஸ்துமா, சிறுநீரகக் கோளாறு, இதய நோய், கர்ப்பம் இருந்தாலோ, இரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை சாப்பிட்டாலோ, டெங்கு சந்தேகம் இருந்தாலோ ஐபுப்ரோஃபென் வேண்டவே வேண்டாம்.

தட்டையாகப் படுத்தால் தலைக்கு இரத்த ஓட்டம் கூடிப் பல் துடிக்கும். இரண்டு தலையணை வைத்து சாய்ந்தபடி இருங்கள். வீக்கத்தின் மேல் துணியில் சுற்றிய ஐஸ் வைக்கலாம், வெளியே சூட்டு ஒத்தடம் கூடாது. கிராம்புத் தைலம் என்றால் பஞ்சில் ஒரு சொட்டு, சொத்தைக் குழிக்குள் மட்டும். ஈறில் பட்டால் வெந்துபோகும். எங்கள் ஊரில் புகையிலையை அடக்குவார்கள், ஆஸ்பிரினைப் பொடித்து வைப்பார்கள். இரண்டும் ஈறைப் புண்ணாக்கும்.

மெடிக்கல் ஷாப்பில் அமாக்ஸிசிலின் கேட்டு வாங்கிப் போடுவது நம்மிடம் சாதாரணம். வீக்கமும் காய்ச்சலும் இல்லாத, நரம்பு வீங்கிய வலிக்கு அது எதுவும் செய்யாது. பல்லைத் திறந்து நரம்பை எடுக்க வேண்டும், அல்லது பல்லையே எடுக்க வேண்டும். சீழ் கோர்த்துவிட்டால் ஆன்டிபயாடிக் தேவைதான், ஆனாலும் சீழ் வெளியே வந்தால்தான் அடங்கும்.

எல்லாம் முடிந்த பிறகு

கழுத்தில் ரப்பர் குழாயோடு மூன்று நாள் இருந்தேன். வாய் கொஞ்சம் திறந்ததும் பல்லை எடுத்தார்கள். வீட்டுக்கு வந்த வாரமே முதல் மருத்துவமனைக்கு ஒரு பக்கத்தில் கடிதம் எழுதினேன். தேதி, நேரம், யார் என்ன சொன்னார்கள், எதைப் பார்க்கவில்லை என்பது மட்டும், வசை இல்லாமல். என் சிகிச்சைப் பதிவுகளின் நகலையும் கேட்டேன். கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று 2002ஆம் ஆண்டின் இந்திய மருத்துவக் கவுன்சில் விதிகளில் இருக்கிறது. நகல் வந்தது. சனிக்கிழமை சீட்டில் "பல்வலி" என்ற ஒரு சொல்தான் இருந்தது. மேலாளர் கூப்பிட்டு வருத்தம் தெரிவித்தார். இனி பல் என்று வருபவர்களுக்கும் காய்ச்சல், சுகர் பார்த்துவிட்டுத்தான் அனுப்புவோம் என்றார்.

இன்னொன்று, இதை நான் முன்பே தெரிந்துகொண்டிருக்க வேண்டும். அந்தப் பல் ஆனி மாதத்திலேயே இரண்டு வாரம் வலித்து, ஒரு நாள் தானாகவே நின்றது. சரியாகிவிட்டது என்று நினைத்தேன். உள்ளே நரம்பு செத்துப்போயிருந்தது, வேருக்கு அடியில் சீழ் சேர்ந்துகொண்டிருந்தது. கீழ்க் கடைவாய்ப் பற்களின் வேர் நுனி தாடைக்குள் ஆழத்தில் இருப்பதால் அந்தச் சீழ் நேராகக் கழுத்துப் பக்கம் இறங்கும் என்று சர்ஜன் வரைந்து காட்டினார். உங்களுக்கும் ஒரு பல் நாள்கணக்கில் வலித்துத் தானாக நின்றிருந்தால், இந்த வாரமே பல் டாக்டரிடம் போய், "வலி தானா நின்னுடுச்சு, எக்ஸ்ரே எடுத்துப் பாருங்க" என்று சொல்லுங்கள்.