கனமில்லாத பேகல்: வீட்டிலேயே செய்யும் முறை

வளைய வடிவ ரொட்டியான பேகலை முதன்முறையாக வீட்டில் செய்து பார்ப்பவர்களுக்குப் பெரும்பாலும் கிடைப்பது அம்மிக்குழவியின் கனத்தில் ஒரு வளையம்தான். பெங்களூரு அல்சூரில் எங்கள் சமையலறையில் உருவான முதல் எட்டும் அப்படித்தான் இருந்தன. உடனே ஈஸ்டைக் கூட்டிப் போடத் தோன்றும். அதனால் மாவு அவசரமாகப் பொங்கி, வெந்நீரில் இட்டதும் அமுங்கிவிடுவதோடு ஈஸ்ட் வாடையும் மிஞ்சும். கனம் குறைய வேண்டுமானால் மாவில் நீரைக் கூட்ட வேண்டும், பொங்குவதற்குப் போதிய நேரம் தர வேண்டும், வெந்நீரில் கிடக்கும் நேரத்தைக் குறைக்க வேண்டும்.

போலந்து யூதர்களிடம் தோன்றி நியூயார்க்கில் பெயர்பெற்ற இந்த ரொட்டிக்கு, குளூட்டன் (மாவுக்கு இழுவை தரும் கோதுமைப் புரதம்) மிகுந்த கோதுமை மாவை எடுத்து, அதன் எடையில் ஏறத்தாழ 55 விழுக்காடு மட்டுமே நீர் விட்டு இறுக்கமாகப் பிசைவது வழக்கம். நமக்குக் கிடைக்கும் சாதாரண மைதாவில் அவ்வளவு குளூட்டன் இருப்பதில்லை என்பதால், அதே இறுக்கத்தில் பிசைந்தால் மாவு விரியாமல் அடைந்து போகும். ஆகவே 62 விழுக்காடு வரை நீர் விடலாம்.

எட்டுப் பேகலுக்கு 500 கிராம் மைதா, 310 மில்லி நீர், 4 கிராம் இன்ஸ்டன்ட் ஈஸ்ட், 9 கிராம் உப்பு, 15 கிராம் சர்க்கரை, ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் போதும். குளூட்டன் பொடி கைவசம் இருந்தால் 15 கிராம் சேர்த்து, நீரையும் ஒரு மேசைக்கரண்டி கூட்டிக்கொள்ளலாம், இல்லாவிட்டாலும் குறையொன்றுமில்லை.

எல்லாவற்றையும் கலந்து, 15 நிமிடம் மூடி வைத்துவிட்டுப் பிறகு பிசையுங்கள். அந்த ஓய்விலேயே பாதி வேலை முடிந்துவிடும். மாவு முதலில் கையில் ஒட்டத்தான் செய்யும். அதற்காக மேலும் மைதாவைத் தூவினால் கூட்டிய நீரால் பயனில்லாமல் போகும். பத்து நிமிடம் பரோட்டா மாவைப் போல அடித்துப் பிசைந்தபின், சிறு துண்டைக் கிள்ளி இரு கைகளாலும் மெல்ல இழுத்துப் பாருங்கள்: கிழியாமல், வெளிச்சம் தெரியும் அளவுக்குச் சவ்வாக விரிந்தால் பதம் வந்துவிட்டது.

மாவு இருமடங்காகப் பொங்க ஏப்ரலில் முக்கால் மணி நேரம் போதும்; டிசம்பரில் ஒன்றரை மணிக்கும் மேலாகலாம். இட்லி மாவுக்குப் பழகிய கண்ணுக்கு இது புதிதன்று. பொங்கியதை எட்டு உருண்டைகளாக்கி, பத்து நிமிடம் விட்டு, நடுவில் விரலால் துளையிட்டு, இரண்டு அங்குல அகலத்துக்கு விரித்துவிடுங்கள், ஏனெனில் பொங்கும்போதும் வேகும்போதும் துளை சுருங்கும். பிறகு எண்ணெய் தடவிய தட்டில் அடுக்கி, ஈரம் காயாமல் மூடி, இரவு முழுவதும் ஃபிரிட்ஜில் வைத்தால் சுவையும் கூடும்.

காலையில் ஒன்றை எடுத்துக் குளிர்ந்த நீரில் போட்டுப் பாருங்கள். உளுந்து வடை மாவை நீரில் கிள்ளிப் போட்டுப் பதம் பார்ப்போமே, அதே சோதனைதான். உடனே மிதந்தால் காற்று ஏறியிருக்கிறது என்று பொருள். மூழ்கினால் எல்லாவற்றையும் இன்னும் அரை மணி நேரம் வெளியே வைத்திருந்து மீண்டும் பாருங்கள். பேகல் கனத்துப் போவது பெரும்பாலும் இந்த இடத்தில் பொறுமை இழப்பதால்தான்.

இரண்டு லிட்டர் நீரில் ஒரு மேசைக்கரண்டி தேனும் அரைத் தேக்கரண்டி சமையல் சோடாவும் கலந்து கொதிக்க விடுங்கள். இரண்டும் மேற்புறம் நன்கு சிவக்க உதவும். வெந்நீரில் மேற்பரப்பின் மாவுச்சத்து வெந்து தோலாக இறுகிவிடுவதால், அதிக நேரம் விட்டால் அடுப்பில் பேகல் உப்ப இயலாது. கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் இருக்கும் பெங்களூருவில் நீர் சுமார் 97 டிகிரியிலேயே கொதித்தாலும், பக்கத்துக்கு 30 விநாடிக்கு மேல் தேவைப்படாது. ஜல்லிக்கரண்டியால் எடுத்து, ஈரம் உலரும் முன் எள்ளோ கருஞ்சீரகமோ தூவுங்கள்.

ஓடிஜியை (சிறிய மின்சார ஓவனை) 220 டிகிரியில் குறைந்தது 20 நிமிடம் சூடேற்றியபின் பேகல்களை உள்ளே வைத்து, 18 முதல் 20 நிமிடம் வரை, பொன்னிறத்தைத் தாண்டிச் சற்றே பழுப்பேறும்வரை சுடுங்கள். சிறிய ஓடிஜியில் பின்பக்கம் முன்னதாகக் கருகக்கூடும் என்பதால் பாதியில் தட்டைத் திருப்பி வையுங்கள். அரை மணி நேரம் ஆறவிடாமல் அரிந்தால் உட்புறம் பிசுபிசுக்கும். மீந்தவற்றை அன்றே இரண்டாக அரிந்து ஃப்ரீசரில் வைத்துக்கொண்டால், வேண்டும்போது எடுத்து நேராக டோஸ்டரில் வாட்டிக்கொள்ளலாம்.